கட்டுமரம்: முக்காலமும் காட்டும் சொல்

தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் பெருந்தகை அவர்களே, முன்னிலை வகிக்கும் சான்றோர்களே, நூலகர் அவர்களே, ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் மீனவப் பெருமக்களே, வணக்கம்.

கட்டுமரம் என்ற சொல்லின் பொருள், அது ஆங்கிலத்துக்குப் போன வழி, அதைச் சூழ்ந்த சொற்களைக் காக்க நாம் செய்யவேண்டியது ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

‘கட்டப்பட்ட மரம்’ என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. அது போதாது. கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என மூன்று காலமும் அதில் உண்டு. தொழிலும் அப்படித்தான். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்துவார்கள். உலர்த்தாவிட்டால் மென்மரம் நீர் குடித்துக் கனத்துப்போகும், மிதப்பு குறையும். மறுநாள் மீண்டும் கட்டு! கட்டு தளர்ந்தால் மரத்தோடு மரம் உரசிக் கயிறு தேயும். ஆணி அடித்து இறுக்கினாலோ, அலை அடிக்கிற இடத்தில் விட்டுக்கொடுக்க வழியில்லை. கயிறு விட்டுக்கொடுக்கும். இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும்.

அலை ஓய்ந்து கடலாடுவதா என்பார்கள். கட்டுமரக்காரர்கள் காத்திருக்கவில்லை. சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் அலைக்கு அப்பால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் படகு கரையை நெருங்க முடியாது. கடிதம் எப்படிப் போகும்? கட்டுமரக்காரர் ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகித் தலையில் இறுக்கிக்கொள்வார். அலை தூக்கி அடிக்கும், ஆள் கடலில் விழுவார், நீந்திப்போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறுவார். கப்பல் தளத்தில் தொப்பியைக் கழற்றினால், கடிதம் நனையாமல் இருக்கும்!

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயணநூல் 1697இல் அச்சானபோதே இச்சொல் ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. பின்னாளில் அங்கே இரட்டை உடல் படகுக்கும் அதுவே பெயரானது; அதை விரிக்க நேரமில்லை. அதைவிட அவசரமான காரியம் இருக்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. மரம் போனால் அதன் சொற்களும் போகும். முன்பக்கம் அணியம், ஆழம் அளக்கப் பாகம், காற்றுக்குக் கச்சான், கொண்டல், வாடை. அலை ஓய்ந்து கடலாடுவதா, தமிழ்த்துறையினரே? இந்த விடுமுறையிலேயே மாணவர்களைக் கரைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு சொல்லையும், சொன்னவரின் ஊரையும், எந்த வேலையின்போது சொல்வார்கள் என்பதையும் எழுதி, குரலையும் பதிவுசெய்து, நம் நூலகர் அவர்களிடம் ஒப்படையுங்கள்.