நீரைப் பார்த்து நிற்கும் விராலடிப்பான்

நேயர்களுக்கு வணக்கம்.

நீர்த்தேக்கத்தின் நடுவே இலையெல்லாம் உதிர்ந்து பட்டுப்போன ஒரு மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உச்சிக் கிளையில், கரையைத் திரும்பியும் பாராமல், தண்ணீரையே பார்த்தபடி ஒரு பெரிய பறவை அமர்ந்திருந்தால், அது விராலடிப்பானாக இருக்க வாய்ப்புண்டு. விரால் மீனை அடிப்பது என்பதால் வந்த பெயர் இது. உண்மையில் விரால் மட்டுமல்ல, கைக்கு எட்டிய எந்த மீனையும் அது விடுவதில்லை. அதன் இரையில் ஏறக்குறைய முழுவதும் மீன்தான்.

வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆகவே தோற்றத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேலுடல் கரும்பழுப்பு, வயிறு வெள்ளை. தலையும் வெள்ளைதான், ஆனால் கண்ணின் குறுக்கே ஓடிக் கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் கரிய பட்டை, முகமூடி அணிந்ததைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. மார்பின் குறுக்கே பழுப்பு நிறத் தீற்றல் ஒன்று உண்டு. ஆணைவிடச் சற்றுப் பெரிய உடலுடைய பெண் பறவையிடம் அது பெரும்பாலும் அழுத்தமாகத் தெரியும். முதிர்ந்த பறவையின் கண் மஞ்சள் நிறம். இளம் பறவையின் கண்ணோ செம்மஞ்சள். இளம் பறவையின் முதுகு இறகுகளில் வெளிறிய விளிம்புகள் இருப்பதால், தொலைநோக்கியில் பார்த்தால் முதுகில் செதில் அடுக்கியது போலிருக்கும்.

உடல் நீளம் 50 முதல் 66 சென்டிமீட்டர் வரை இருக்க, விரித்த சிறகுகளின் அகலமோ 127 முதல் 180 சென்டிமீட்டர் வரை போகிறது. நிறங்களை நம்பி இதை அடையாளம் காண முயல்வது வீண் வேலை என்பேன். எதிர்வெயிலில் எல்லாப் பருந்தும் கறுப்பாகவே தெரியும். சிறகின் வடிவத்தைப் பாருங்கள். நீண்டு குறுகிய அந்தச் சிறகுகள், மணிக்கட்டுப் போன்ற மூட்டில் பின்னோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு கரிய திட்டு இருக்கும். தொலைவில் பறக்கும்போது இதைக் கடற்காகம் என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர். நானும் ஏமாந்திருக்கிறேன்.

இனி, கால்கள். மற்றப் பகல்நேர வேட்டைப் பறவைகளிடம் இல்லாத ஓர் அமைப்பு இங்கே இருக்கிறது. ஆந்தையைப் போல, வெளிவிரலைப் பின்பக்கம் திருப்ப இதனால் முடியும். அப்போது முன்னே இரண்டு, பின்னே இரண்டு என விரல்கள் மீனை இருபுறமும் கவ்விக்கொள்கின்றன. உள்ளங்காலிலோ உப்புத்தாளைத் தடவுவது போன்ற சிறு முட்கள். வழுக்கும் மீன் நழுவாமல் இருப்பது அவற்றால்தான். இத்தகைய வேறுபாடுகளை முன்னிட்டு அறிவியலாளர்கள் இதைத் தனிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இதை வல்லூறுகளோடு சேர்த்திருந்தார். 1809-இல் சவிங்ஞி என்ற பிரெஞ்சு அறிஞர் தனிப் பேரினமாக்கிப் பாண்டியோன் என்று பெயரிட்டார். பெயரைக் கேட்டு நம் பாண்டிய மன்னர்களை நினைத்துவிட வேண்டாம். அது ஏதென்ஸ் நகரத்துப் புராண மன்னன் ஒருவனின் பெயர்.

வேட்டையைப் பார்த்தால் இந்த அமைப்புகளின் பயன் விளங்கும். நீருக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, குறி கிடைத்ததும் சிறகை மடக்கிப் பாய்ந்து, கடைசிக் கணத்தில் கால்களை முகத்துக்கு முன்னே நீட்டி நீரில் விழுகிறது. மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். சில நேரங்களில் உடல் முழுவதும் மூழ்கிவிட, வலுவாகச் சிறகடித்து எழுந்து, பறந்தபடியே ஒருமுறை உடலை உலுக்கி நீரை உதறுகிறது. பிறகு மீனின் தலை முன்னே வருமாறு காலுக்குள்ளேயே திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. காற்றின் எதிர்ப்பு அதனால் குறைகிறது.

ஆனால் இந்தப் பாய்ச்சல் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் எட்டாது. வாழிடத்தை முடிவு செய்வதும் இதுவே. கடலோரம், கழிமுகம், உப்பங்கழி, ஆறு, ஏரி, அணை என எங்கும் இதைக் காணலாம். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு. இடத்தைப் பற்றி இதற்குப் பிடிவாதம் இல்லை. நீரைப் பற்றித்தான் பிடிவாதம். மேல்மட்டத்தில் மீன் திரிய வேண்டும், அந்த மீன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். அருகில் உயரமான, மறைப்பில்லாத ஓர் இருக்கையும் வேண்டும். பட்ட மரமோ, பாறையோ, மின்கம்பமோ, மனிதர் கட்டிக்கொடுத்த மேடையோ, எதிலும் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டிவிடும். ஆண்டுதோறும் பழைய கூட்டின்மேலேயே சுள்ளி சேர்ப்பதால் கூடு பெருத்துக்கொண்டே போகும்.

வடக்கே குளிர்ந்த நாடுகளில் இனப்பெருக்கம் செய்பவை, குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, தெற்காசியா ஆகிய பகுதிகளின் நீர்நிலைகளுக்கு வலசை வருகின்றன. அவ்வாறு முதன்முறை வரும் இளம் பறவைகளில் பல, பெரியவை வடக்கே திரும்பிய பிறகும் போவதில்லை. அடுத்த கோடை முழுவதும் வந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே வலசைக் காலம் முடிந்த கடும் வெயிலில், ஏதோ ஓர் அணையின் பட்ட மரத்தில் ஒற்றை விராலடிப்பானைக் கண்டால், வழிதவறியது என்று எண்ண வேண்டியதில்லை. அது கூடு கட்டும் வயதை இன்னும் எட்டாத பறவையாக இருக்கலாம்.

வணக்கம்.