இன்வாய்ஸ் பக்கத்தின் மேற்பட்டையில் நமக்கென ஒரு பொத்தான்

[திரையில்: ஈஆர்பிநெக்ஸ்டில் திறந்திருக்கும் ஒரு விற்பனை இன்வாய்ஸ். பக்கத்தின் மேற்பட்டை பெரிதாகக் காட்டப்படுகிறது.]

ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மேலாண்மை மென்பொருளில் ஒரு விற்பனை இன்வாய்ஸைத் திறந்தால், தலைப்பு இருக்கும் அதே வரிசையில், வலப்பக்கமாகச் சில பொத்தான்கள் தெரிகின்றன. இவை போக, பணம் வராமல் நிலுவையில் நிற்கும் இன்வாய்ஸ்களுக்கு மட்டும் ‘நினைவூட்டு’ என்றொரு பொத்தான் வேண்டும், அதை அழுத்தினால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்று கணக்குப் பிரிவில் இருப்பவர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். ஈஆர்பிநெக்ஸ்ட், மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் திறமூல மென்பொருள். அதன் அடித்தளமாக இருக்கும் கட்டமைப்புக்கும் ஃப்ராப்பே என்றுதான் பெயர். மூல நிரலில் கை வைக்காமலே இந்தப் பொத்தானைச் சேர்க்க அந்தக் கட்டமைப்பு வழி வைத்திருக்கிறது.

[திரையில்: ‘கிளையன்ட் ஸ்கிரிப்ட்’ பக்கம். ஆவண வகையாக விற்பனை இன்வாய்ஸ் தேர்வாகிறது.]

உலாவியில் ஓடும் நிரலை எழுதும் இடம் இது. தேடல் பெட்டியில் ‘கிளையன்ட் ஸ்கிரிப்ட்’ என்று தேடிப் புதிதாக ஒன்றைத் திறந்து, ஆவண வகையைத் தேர்ந்து, ‘ஃபார்ம்’ என்று குறிப்பிட்டு, ‘எனேபிள்ட்’ கட்டத்தில் டிக் போடுங்கள். உங்களுக்கென்று தனி ஆப் இருந்தால், அந்த ஆப்பின் அமைப்புகளைச் சொல்லும் ஹுக்ஸ் கோப்பில் இந்த ஆவண வகைக்கு நேரே உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் பாதையைக் கொடுப்பது இன்னும் நல்லது. மாற்றங்கள், நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் ‘கிட்’ கருவியில் பதிவாகும்.

பொத்தானை வரைவது ‘ஆட் கஸ்டம் பட்டன்’ என்ற ஒரே அழைப்புதான். முதலில் பொத்தானின் பெயர், அடுத்து அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷன், மூன்றாவதாக, விரும்பினால், எந்தக் குழுவின் கீழ் வர வேண்டும் என்பது. பெயரை நேரடியாக எழுதாமல், இரட்டை அடிக்கோடு ஃபங்ஷனுக்குள் வைத்து எழுதினால், பயனர் எந்த மொழியில் பார்க்கிறாரோ அந்த மொழிக்கு அதை மாற்றித் தரலாம்.

எழுதும் இடம்தான் முக்கியம். ‘ரெஃப்ரெஷ்’ என்ற நிகழ்வுக்குள்தான் எழுத வேண்டும். ஃபார்ம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் ஃப்ராப்பே முன்பு சேர்த்த பொத்தான்களையெல்லாம் துடைத்துவிடுகிறது. ஆகவே, ஆவணம் ஏற்றப்படும்போது ஓடும் ‘ஆன்லோடு’ நிகழ்வில் சேர்த்த பொத்தான் நிலைப்பதில்லை.

[திரையில்: இரண்டு நிபந்தனைகளும் எழுதப்படுகின்றன.]

இனி, பொத்தான் எப்போது தோன்ற வேண்டும்? ஆவணத்தின் நிலையை ‘டாக்ஸ்டேட்டஸ்’ என்ற புலம் சொல்கிறது: 0 என்றால் வரைவு, 1 என்றால் சமர்ப்பிக்கப்பட்டது, 2 என்றால் ரத்து செய்யப்பட்டது. நமக்கு 1 இருக்க வேண்டும். அத்துடன் நிலுவைத் தொகை பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும். ‘பூஜ்ஜியம் அல்லாதது’ என்று எழுதிவிடாதீர்கள். சரக்கு திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட்டில் நிலுவை எதிர்மறையாக இருக்கலாம், அப்போது நாம் பணம் தர வேண்டிய ஒருவருக்கே பணம் கேட்டுக் கடிதம் போய்விடும்.

அடுத்து வருவது, பலர் பார்க்கத் தவறும் இடம். ‘இவருக்கு நினைவூட்டல் வேண்டாம்’ என்று வாடிக்கையாளர் பதிவில் ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொத்தானைக் காட்ட வேண்டும் என்றால், அதைச் செர்வரிடம் கேட்டாக வேண்டும், பதில் வரச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் பயனர் அடுத்த இன்வாய்ஸுக்குப் போய்விடலாம். ஒரே ஆவண வகையின் எல்லா ஆவணங்களுக்கும் ஃப்ராப்பே ஒரே ஃபார்ம் பொருளைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது என்பதால், முதல் இன்வாய்ஸுக்காகக் கேட்ட கேள்வியின் பதில், இரண்டாவது இன்வாய்ஸின் தலையில் பொத்தானை வைத்துவிடும். பார்க்கிறவருக்கு எந்தப் பிழையும் தெரியாது. எனவே கேள்வி கேட்கும் முன் ஆவணத்தின் பெயரை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் ஃபார்மில் இப்போது இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒன்றாக இருந்தால் மட்டும் பொத்தானைச் சேருங்கள்.

[திரையில்: ‘ரிட்டர்ன்’ என்ற சொல் தனியே ஒளிர்கிறது.]

அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். ஒரு மொத்த வியாபாரிக்காக நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, இணையம் மெதுவாக இருந்த ஒரு காலை வேளையில், ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிய கணக்கர் மூன்று முறை அழுத்தினார். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே கடிதம் மூன்று முறை போனது. அவரிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. என் ஃபங்ஷனில் இல்லாமல் போனது ஒரே ஒரு சொல். செர்வரில் உள்ள ஃபங்ஷனை ஓட்டும் ‘ஃப்ராப்பே கால்’ என்ற அழைப்புக்கு முன் ‘ரிட்டர்ன்’ என்று எழுதியிருந்தால், செர்வரின் பதில் வரும்வரை ஃப்ராப்பேயே பொத்தானைச் செயலிழக்க வைத்திருக்கும். அதோடு ‘ஃப்ரீஸ்’ என்ற விருப்பத்தையும் கொடுத்தால், வேலை நடக்கிறது என்பது பயனரின் கண்ணுக்கும் தெரியும்.

செர்வர் பக்கத்தில், பைத்தான் ஃபங்ஷனின் தலையில் ‘ஒயிட்லிஸ்ட்’ என்று குறித்தால்தான் உலாவியிலிருந்து அதை அழைக்க முடியும். அப்படிக் குறித்துவிட்டால், உள்நுழைந்த எந்தப் பயனரும், பொத்தான் தன் திரையில் இல்லாவிட்டாலும், அந்த முகவரிக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பலாம். பொத்தானை மறைத்ததால் கதவு பூட்டியாகிவிட்டது என்று எண்ணுவது மிகவும் ஆபத்தானது. ஆகவே அந்த ஃபங்ஷன், ஆவணத்தை எடுத்தவுடன் அழைத்தவருக்கு அனுமதி உண்டா என்று ‘செக் பெர்மிஷன்’ கொண்டு சோதிக்க வேண்டும். பிறகு, திரையில் பார்த்த அதே இரண்டு நிபந்தனைகளையும் மறுபடி பார்க்க வேண்டும். பொத்தான் திரையில் நிற்கும்போதே வேறொருவர் அந்தப் பணத்தை வரவு வைத்திருக்கக்கூடும்.

[திரையில்: அதே பக்கம், கைபேசி அகலத்தில்.]

அகலம் குறைந்த திரையில் நம் பொத்தான் மேற்பட்டையில் தெரியாது. மெனுவுக்குள், குழுவின் பெயரும் பொத்தானின் பெயரும் சேர்ந்த ஒரு வரியாக இருக்கும். கைபேசியில் வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பொத்தானே வரவில்லை என்பார்கள்.

பொத்தான் அல்லாத உறுப்புகளையும் பக்கத்தின் மேற்பகுதியில் சேர்க்கலாம். நிலுவைகளை மட்டும் காட்டும் தனிப் பக்கம் ஒன்றை நீங்களே அமைக்கும்போது, பக்கத்தின் ‘ஆட் ஃபீல்டு’ என்ற அழைப்பில் பெயர், வகை, விருப்பங்கள், மதிப்பு மாறினால் ஓட வேண்டிய ஃபங்ஷன் ஆகியவற்றைக் கொடுத்தால், ‘30 நாள், 60 நாள், 90 நாள்’ என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று தலைப்பின் கீழ் வந்து நிற்கும். கணக்கர் 60 நாளைத் தேர்ந்த உடனே அந்த ஃபங்ஷன் ஓடிப் பட்டியலைச் சுருக்கும்.