பிரிண்ட் கட்டம் வேண்டவே வேண்டாம்! 25 பவுண்டுக்கு நிஜ கிளென் செக் கிடைச்சுருச்சு

வணக்கம் மக்களே! போன வீடியோவுல பார்சல் பிரிச்சேனே, அந்த கிரே கட்டத் துணி, "கிளென் செக்"னு, அதாவது நூல்லயே கட்டம் வர்ற மாதிரி நெய்யற துணின்னு, போட்டு ஆன்லைன்ல வித்தாங்களே... அதோட பின்பக்கத்தைப் பாருங்க. வெள்ளை! வெறும் வெள்ளை! அச்சடிச்ச துணி மக்களே. கட்டம் நூல்ல இல்ல, மேல இருக்கிற மையில இருக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

சனிக்கிழமை பஸ் பிடிச்சு அந்தக் கட்டம் பொறந்த இடத்துக்கே போயிட்டேன். ஸ்காட்லாந்துல இன்வர்னெஸ்லேர்ந்து ஒரு 24 கிலோமீட்டர், டிரம்னாட்ராக்கிட்ங்கற ஊர். லாக் நெஸ் ஏரிக்கரை. கூட வந்த எல்லாரும் ஏரியையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க, நான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். கிளென்னா பள்ளத்தாக்கு. கிளென் அர்க்கர்ட், அதுதான் சுருங்கி கிளென் செக். 19ஆம் நூற்றாண்டுல சீஃபீல்ட் சீமாட்டி தன்னோட எஸ்டேட் காவலாட்களுக்கு இந்தத் துணியைத்தான் குடுத்தாங்க. பின்னாடி எட்டாம் எட்வர்டா ஆன வேல்ஸ் இளவரசர் இதைப் போட்டுப் போட்டு, "பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் செக்"னு பேர் வந்துருச்சு. எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. பள்ளத்தாக்கு பேரே இருக்கட்டும்.

திரும்பி வந்து இன்வர்னெஸ்ல ஒரு துணிக்கடையில... இதோ! சுத்தக் கம்பளி. மீட்டர் 42 பவுண்டு. வயிறு எரிஞ்சுது. சரின்னு வெளிய வரப் போறேன், கல்லா பக்கத்துல கட் பீஸ் கூடை. கையை விட்டேன், 1.3 மீட்டர், அதே துணி, 25 பவுண்டு! முழு விலைன்னா 54 தாண்டியிருக்கும். அங்கயே சத்தமா சிரிச்சுட்டேன்.

உங்களுக்கு இது ஸ்க்ரீன்ல அலை அலையா ஓடுற மாதிரி தெரியுதா? துணியில குறை இல்ல. கட்டம் அவ்வளவு பொடி, கேமரா தடுமாறுது. இருங்க, கிட்ட கொண்டு வரேன். இப்போ?

நேத்து ராத்திரி பூதக்கண்ணாடியும் குண்டூசியும் வெச்சு ஒவ்வொரு நூலா எண்ணினேன். மூணு தடவை எண்ணிக்கை விட்டுப் போச்சு, நாலாவது தடவை சரியா வந்துச்சு! கறுப்பு நாலு, வெள்ளை நாலு, அப்படியே கொஞ்ச தூரம். அப்புறம் ரெண்டு, ரெண்டு. நீளவாக்குல ஓடுற பாவு நூல்லயும் அதே, குறுக்க ஓடுற ஊடை நூல்லயும் அதே. அவ்வளவுதான் மக்களே! நாலு நாலைச் சந்திக்கிற இடத்துல நாய்ப்பல் மாதிரி ஹவுண்ட்ஸ்டூத் வருது. ரெண்டு ரெண்டைச் சந்திக்கிற இடத்துல பொடிக் கட்டம். நாலும் ரெண்டும் குறுக்கிடுற இடத்துல இது ரெண்டுமே இல்லாத வேற முகம். இருக்கிறது ரெண்டே கலர் நூல்!

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இது சாதா நெசவு இல்ல, ட்வில். ஜீன்ஸ்ல சாய்வா கோடு ஓடும்ல, அது. இந்தத் துணியில ரெண்டு நூலுக்கு மேல, ரெண்டு நூலுக்குக் கீழ, ஒவ்வொரு வரிசையும் ஒரு நூல் தள்ளி. அந்தத் தள்ளல் இல்லேன்னா பல்லு வராது.

டார்டன், அதான் ஸ்காட்லாந்துக்காரங்களோட கலர் கலர் கட்டத் துணி, அதுவும் இதே ட்வில்தான், ஆனா அங்க வேலை கலர்ல. சிவப்புப் பாவு மேல சிவப்பு ஊடை விழுந்தா தனிச் சிவப்பு, பச்சை விழுந்தா பாதிப் பாதிக் கலவை. ரெண்டு கலர் போட்டா மூணு நிறம் கிடைக்கும், ஆறு போட்டா 21! இன்வர்னெஸ்ஸுக்குன்னே ஒரு டார்டன் இருக்கு, அது தனி வீடியோ, கண்டிப்பா போடறேன்.

இந்த அச்சுத் துணியில பாருங்க, பல்லு நுனி மழுங்கி இருக்கு. சாய்வுக் கோடே இல்ல. தொட்டா வழுவழு. இதுக்குப் போய் கிளென் செக்னு பேர் வெக்கிறது அந்தப் பள்ளத்தாக்குக்கு அநியாயம். திருப்பி அனுப்பிட்டேன்... இல்ல இல்ல, இன்னும் அனுப்பல, இதோ கையிலதானே இருக்கு, நாளைக்குக் காலைல முதல் வேலை அதுதான்.

அப்புறம் ஸ்கர்ட் வெட்டறேன். பக்கத் தையல்ல பல்லோட பல்லு சேரணும், ஒரு நூல் நகர்ந்தாலும் பிரிச்சுடுவேன். நாளைக்குப் பார்க்கலாம் மக்களே!