ஆற்காட்டில் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். ஏறியதும் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தலையைச் சாய்த்தால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் கண் திறக்கிறோம், பல பஸ்கள் பைபாஸிலேயே போய்விடுவதால் ஆற்காடு எப்போது வந்தது எப்போது போனது என்றுகூடத் தெரிவதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு நாள் ஆற்காட்டுக்கென்றே பஸ் ஏறுங்கள்.

ஏறும்போது கண்டக்டரிடம் "ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைபாஸில் இறக்கிவிடுவார்கள், வெயிலில் ஆட்டோ தேட வேண்டியிருக்கும். மொத்தமே சுமார் 25 கிலோமீட்டர்தான். சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விஷாரம் என்று நின்று நின்று போகிற பஸ்ஸாக இருந்தால் இன்னும் நல்லது, குன்றின் மேல் முருகன் கோயிலையும் அப்புறம் மேல்விஷாரத்துப் பள்ளிவாசல்களையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆற்காடு 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாப்புகளின் தலைநகரம். வட ஆற்காடு, தென்னாற்காடு என்று இரண்டு மாவட்டங்களுக்குப் பெயர் கொடுத்த ஊர், ஆனால் வட ஆற்காட்டின் தலைமையிடம் முதலில் சித்தூரில் இருந்தது, 1911-இல் வேலூருக்கு வந்தது, 2019-இல் புது மாவட்டம் பிறந்தபோதும் அந்தப் பெருமை எதிர்க்கரை ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி டெல்லி கேட் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பாலாற்றங்கரையில் நிற்கிறது. பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், எடுப்பாக மிச்சம் இருப்பது இந்த வாசல் ஒன்றுதான். கீழே வளைவு, மேலே சின்னதாக ஓர் அறை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் செங்கல் தெரியும், கையை வைத்துப் பாருங்கள். எதிரே பாலாறு, பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்.

அந்த மேல் அறையை ஊரில் கிளைவ் அறை என்பார்கள். 1751 ஆகஸ்ட் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் 25 வயது ராபர்ட் கிளைவ் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து இடி மழையில் நடந்து வந்தார், கோட்டையில் இருந்த, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் ஆட்கள் சண்டையில்லாமலே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் வந்து முற்றுகை போட்டார், 50 நாள். நவம்பர் 14, முகரம் நாள், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை இடிக்க ஓட்டிவிட்டார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. மறுநாள் விடிவதற்குள் முற்றுகை கலைந்தது.

முற்றுகையில் அரிசி தீர்ந்துவரும்போது சிப்பாய்கள், "சோறு வெள்ளைக்காரர்கள் சாப்பிடட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்றதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அந்த 300 பேரில் ஒருவர் பெயரையும் நாம் படித்ததில்லை, கிளைவ் பெயரை மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து படிக்கிறோம். டெல்லி கேட்டின் கீழே நிற்கும்போது எனக்கு அவர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

இதே ஊரில்தான் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா இருக்கிறது. ஹைதர் அலி தம்பதியர் குழந்தை வரம் வேண்டி வந்த இடம் என்பார்கள், பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெரியவர் பெயரையே வைத்தார்கள், அவர்தான் திப்பு சுல்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபின் அவர் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்தது வேலூர்க் கோட்டையில், 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். தகப்பனுக்குப் பெயர் வந்த ஊரும் பிள்ளைகள் சிறைப்பட்ட ஊரும் ஒரே பஸ் வழியில் இருக்கின்றன, அதனால் காலையில் ஆற்காட்டை முடித்துவிட்டு மாலையில் வேலூர்க் கோட்டைக்குப் போங்கள், அந்த வரிசையில் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும்.

இன்னும் நேரமிருந்தால் பாலாற்றுப் பாலம் தாண்டி ராணிப்பேட்டை முத்துக்கடைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வாலாஜாபேட்டைக்கு ஒரு பஸ். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வந்து சேர்ந்தது இந்த ஊர்ப் பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குத்தான்.

ஆற்காட்டிலிருந்து கிளம்பும் முன் மக்கன் பேடா வாங்கத் தவறாதீர்கள். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் பருப்பு வகைகளை வைத்து, பொரித்துப் பாகில் ஊறவிடுவார்கள். பார்க்கக் குலாப் ஜாமூன் போல இருக்கும், ஆனால் அப்படியே வாயில் போடாமல் விரலால் இரண்டாகப் பிட்டுப் பாருங்கள், உள்ளே முந்திரியும் பாதாமும் தெரியும். பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால் பாகை நன்றாக வடித்துக் கட்டித்தரச் சொல்லுங்கள்.