மூன்று நாள் சிங்கப்பூர்: வயிற்றுக்கு ஒரு பயணத் திட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் போகிறோம் என்றதும் மெர்லயன், சென்டோசா, நைட் சஃபாரி என்று மணிக்கணக்கில் திட்டம் போடுகிறோம். சாப்பாட்டுக்கு நேரே மட்டும் "வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுகிறோம். அது கடைசியில் ஏதோ ஒரு மாலில், எந்த ஊரிலும் கிடைக்கிற பர்கரில் போய் முடியும். மூன்று நாள் பயணத்தில் காசுக்கு முன்னால் தீர்ந்துபோவது பசி. ஒரு வேளைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த இரண்டு வேளை வீண். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அந்தந்தப் பண்டத்துக்கு உரிய நேரத்தில் சாப்பிடுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இப்படிச் சாப்பிடத் தோதான இடம் ஹாக்கர் சென்டர். அங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்பார்கள். தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களை அரசு 1968, 69-இல் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை கூரையும் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் உள்ள கட்டடங்களைக் கட்டி, படிப்படியாக அவர்களை உள்ளே கொண்டுவந்தது. இன்று தீவு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமக்கு அதைவிட முக்கியம், ஒரு கடைக்காரர் ஒன்றிரண்டு பண்டங்களைத்தான் செய்கிறார் என்பது. தட்டுகளும் சிறியவை. நான்கு பேர் நான்கு கடையில் வாங்கி நடுவில் வைத்தால் நான்கு சமையல் மரபுகள் ஒரே மேசைக்கு வந்துவிடும். சாதாரணத் தட்டு ஒன்று சுமார் 4 முதல் 6 வெள்ளி. டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் இடம் பிடியுங்கள், பிறகு வரிசைக்குப் போங்கள். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, ஆள் இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்தால் சற்று நேரத்தில் ஒருவர் தட்டோடு வந்து உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்களும் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கை துடைக்கக் கடைகளில் பெரும்பாலும் எதுவும் தரமாட்டார்கள். பெரிய மேசையில் காலி நாற்காலி இருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம். பானங்களுக்குத் தனிக் கடை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. பலகையைப் பார்த்து வையுங்கள். இந்த இடத்தில் மாற்றி வைப்பது அபராதத்தைவிடப் பெரிய தப்பு என்பது என் எண்ணம்.

நேரம். நண்பகல் 12 முதல் 2 வரை அலுவலகக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருக்கும். 11 மணிக்கே போய்விடுங்கள். பெயர்பெற்ற கடைகள் பல, சரக்கு தீர்ந்ததும் இரண்டு மணிக்கே மூடிவிடும். திங்கள், செவ்வாயில் விடுமுறை விடும் கடைகள் நிறைய. அதோடு ஒவ்வொரு நிலையமும் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது முழுதாக மூடப்படும். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பார்க்காதவர்கள்தான் மேக்ஸ்வெல் என்ற பெயர்பெற்ற உணவங்காடியின் வாசலில் நின்று பூட்டிய கேட்டைப் படம் எடுக்கிறார்கள்.

இனி காலைக் காப்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வெள்ளிக்குள் கிடைக்கும் பெரிய சந்தோஷம் இதுதான். அங்கே பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். தூளை நீளமான துணி வடிகட்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி மாற்றுவார்கள். நம் டிகாக்‌ஷன் போலக் கெட்டியாக இறங்கும் அதில் அளவாக வெந்நீர் சேர்த்துக் கொடுப்பார்கள். வெறுமனே "கோப்பி" என்று கேட்டால் அடியில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தருவார்கள். கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு, அடியில் பாகு. "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். சர்க்கரை நோயாளிகள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இனிப்பான பால் இல்லையே என்று சி கேட்டு, சர்க்கரை போட்ட காப்பியைக் குடித்துவிடுகிறார்கள். சர்க்கரையே வேண்டாம் என்றால் "கோசோங்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்: கோப்பி சி கோசோங், கோப்பி ஓ கோசோங். இனிப்புக் குறைய "சியூ டாய்", திக்காக வேண்டுமென்றால் "காவ்", ஐஸ் போட "பெங்". வரிசையாக அடுக்கினால் போதும்: கோப்பி சி சியூ டாய் பெங். தேநீருக்கும் இதே இலக்கணம். கோப்பிக்குப் பதில் "தே". இந்திய முஸ்லிம் கடைகளில் இஞ்சி போட்ட "தே ஹாலியா" கேளுங்கள், மழை நாளுக்கு அருமை.

காப்பியோடு கயா டோஸ்ட். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டிய ஜாம்தான் கயா. முட்டை சாப்பிடாதவர்கள் கவனியுங்கள், பெயரைக் கேட்டால் அதில் முட்டை இருப்பது தெரியாது. மெல்லிய மொறுமொறு ரொட்டிக்கு நடுவே கயாவும், உருகாத வெண்ணெய்த் துண்டும் இருக்கும். வெண்ணெய் சில்லென்று இருக்கும்போதே கடிக்க வேண்டும். கூடவே இரண்டு அரைவேக்காட்டு முட்டை வரும். சில கடைகளில் முட்டையை மூடி போட்ட வெந்நீர்க் கிண்ணத்திலேயே தந்து, எத்தனை நிமிடம் கழித்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டால் மஞ்சள் கரு இறுகிவிடும். தட்டில் உடைத்து ஊற்றி, கருப்பு சோயா சாஸ் சில துளி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, லேசாகக் கலக்கி டோஸ்டின் முனையைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். வெள்ளைக்கரு கலங்கலாக, வழுவழுவென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் காரியம் ஆகாது. பல கடைகளில் இறைச்சி என்றால் அது இறைச்சி மட்டுமே. இறால், மீன், முட்டை அந்தக் கணக்கில் வராது. லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பின் அரைப்பில் உலர்ந்த இறால் இருக்கும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது. பழங்களும் காய்களும் கலந்த ரோஜாக்கைப் பார்த்தால் சுத்த சைவமாகத் தெரியும், அதன் கருப்புச் சாறே இறாலில் செய்தது. சிக்கன் ரைஸ் கடையில் "சோறு மட்டும்" கேட்டாலும் அது கோழிக் கொழுப்பிலும் கோழிச் சாற்றிலும் வெந்த சோறு. நூடுல்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே சீன சைவக் கடையைத் தேடுங்கள். பெரிய நிலையங்களில் ஒன்றாவது இருக்கும். பௌத்த முறைப்படி சமைப்பதால் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு. காலையில் அங்கே கிடைக்கும் வறுத்த பீஹூன், அதாவது மெல்லிய அரிசி நூடுல்ஸ், வயிற்றுக்கு இதம். முட்டையைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியில் மாதத்தின் 1, 15-ஆம் நாட்களில் பலர் சைவம் இருப்பார்கள். அன்றைக்கு வரிசை நீளும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, சி வாசல் வழியே வந்தால் எதிரில்தான். பரோட்டாவின் உறவான பிராட்டாவை அங்கே சாப்பிடுங்கள். வெறும் பிராட்டாவுக்கும் கோசோங் என்றே பெயர். கூட வருவது பெரும்பாலும் மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போதான். பருப்புக் குழம்பு வேண்டுமென்றால் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தேக்காவுக்குப் போய்த் தோசையும் பொங்கலும் சாப்பிடுவதில் தப்பில்லை. கூட வந்த பெரியவர்களுக்கு மூன்றாம் நாள் அது தேவைப்படும். முதல் நாளே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

மாலையில் லாவ் பா சாட் என்ற உணவங்காடி. எண்கோண வடிவில், 1894-இல் எழுந்த வார்ப்பிரும்புக் கட்டடம். பொழுது சாய்ந்ததும் பக்கத்து பூன் டாட் தெருவை வண்டிகளுக்கு மூடிவிட்டு மேசை போட்டுச் சாட்டே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, சுடுவார்கள். விலை சற்றுக் கூடுதல், புகை நிறைய. காற்று அடிக்கும் பக்கம் பார்த்து உட்காருங்கள். சாட்டே பெரும்பாலும் பத்துக் குச்சி கணக்கில்தான் தருவார்கள். கூட ஆட்கள் இல்லாமல் தனியாகப் போனால் அதுவே இரவுச் சாப்பாடாகிவிடும்.

பணம் கரையும் இடங்கள் இரண்டு. உணவங்காடியில் பலகையில் போட்ட விலைதான் விலை. பொட்டலம் கட்டினால் டப்பாவுக்குச் சில காசு கூடும், அவ்வளவே. முதலாவது, உணவகம். அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகிவிடும். கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும்கூடப் பல உணவகங்களில் காசு உண்டு. வேண்டாமென்றால் வந்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, நண்டு. மெனுவில் இருப்பது கிலோ விலை. எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று சமைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உணவங்காடியிலும் கடல் உணவுக்கு இதே எச்சரிக்கைதான். சில்லறையாக 2, 5, 10 வெள்ளித் தாள்கள் கையில் இருக்கட்டும். கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைகளில் பல உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வேலை செய்யும்.

பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அழுத்தும்போது ஆர்ச்சர்ட் சாலை ஐஸ்கிரீம் வண்டியைத் தேடுங்கள். நீளக் கட்டியிலிருந்து ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி, வேஃபரிலோ வண்ண ரொட்டியிலோ மடித்துத் தருவார்கள். ரொட்டியையே கேளுங்கள், உருகுவதை அது உறிஞ்சிக்கொள்ளும், சட்டை தப்பும். தின்று முடித்த பிறகு ரயில் ஏறுங்கள். எம்ஆர்டியில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம். டுரியான் பழத்தை உள்ளே கொண்டுபோகவே கூடாது. அரிசிமாவுக்குள் பனைவெல்லம் வைத்து ஆவியில் வேகவைத்த புட்டு பீரிங் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சுடச்சுட ஊதித்தான் கடிக்க வேண்டும், உள்ளே வெல்லம் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஊருக்குக் கயா வாங்கி வரலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது விமானப் பாதுகாப்பில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள், செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். காப்புப்பொருள் சேர்க்காத கயா சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் கடைசி நாளில் வாங்குங்கள், மூடியில் தேதி பாருங்கள், திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள்.