பழைய படச்சுருளில் நர்ஸுங்க ஏன் ஓடுறாங்க?

[காட்சி: ஆஸ்பத்திரி வராண்டா. கறுப்பு வெள்ளை, ஒலி இல்லை.]

பழைய படத்துல நர்ஸுங்க எல்லாரும் ஓட்டமும் நடையுமாத்தான் தெரிவாங்க. வேலை அதிகம்தான், ஆனா இந்த வேகம் மெஷினோடது. ஒலி இல்லாத 16 மி.மீ. படம் பெரும்பாலும் வினாடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப்படம். அதை ஒலிப்படத்தோட வேகமான 24-ல ஓட்டினா ஒன்றரை மடங்கு வேகம். 400 அடிச் சுருள் 16 நிமிஷம் 40 வினாடி ஓடணும். 11 நிமிஷத்துல முடிஞ்சிடும். நடையை வெச்சு வேகத்தைச் சரிபண்ணாதீங்க. கூஜாவுல இருந்து ஊத்துற தண்ணியப் பாருங்க. அது விழுற வேகம் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

[காட்சி: சுருளின் ஓரம், பெரிதாக.]

அடுத்தது, படம் எந்த வருஷம் எடுத்ததுங்கறது. கோடக் ஃபிலிம் ஓரத்துல வட்டம், சதுரம், முக்கோணம் இருக்கும். அது ஃபிலிம் தயாரான வருஷம், படம் எடுத்த வருஷம் இல்ல. அதே குறி 20 வருஷம் கழிச்சுத் திரும்பவும் வரும். அதனால படத்துல தெரியற ஆஸ்பத்திரி பெயர்ப்பலகையையும் படிங்க. சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி 1880-லயே வந்துடுச்சு, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம ஜனங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்ற இடத்துல 'ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி'ன்னு இருந்தா, 1938-க்கு முன்னாடி எடுத்ததா இருக்க முடியாது. 'தமிழ்நாடு அரசு'ன்னு இருந்தா, பெரும்பாலும் 1969-லயோ அதுக்கப்புறமோ எடுத்தது.

[காட்சி: ஸ்டெரிலைசர், கண்ணாடி சிரிஞ்ச்.]

இப்ப முகத்தை விடுங்க, கையைப் பாருங்க. அந்தக் காலத்துல கண்ணாடி சிரிஞ்சோட குழாயையும் பிஸ்டனையும் தனித்தனியா கழட்டித்தான் கொதிக்கவைக்கணும். சேர்த்துப் போட்டா விரிசல் விடும். ஒண்ணோட பிஸ்டன் இன்னொண்ணுக்குச் சரியா சேராது. அதான் ஒரு சிரிஞ்சோட குழாய், பிஸ்டன் ரெண்டுலயும் ஒரே நம்பர். கொதிச்சதும் ஃபோர்செப்ஸால (இடுக்கியால) எடுத்து ஜோடி பார்த்துச் சேர்க்கணும். நர்ஸோட திறமை அதுலதான், ஆனா படத்துல அது ரெண்டு வினாடிக்கு மேல நிக்காது.

வார்டுக்குள்ள வெளிச்சம் பத்தாததால கட்டிலையே வராண்டாவுக்குத் தள்ளிப் படம் எடுத்திருப்பாங்க. ராத்திரி டியூட்டி அனேகமா எந்தச் சுருளிலயும் இருக்காது. நர்ஸிங்கோட பாதி அதுதானே!

சுருள் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிச்சா ப்ரொஜெக்டர்ல மாட்டாதீங்க. ஃபிலிம் சுருங்கியிருக்கும், ஓரத்துளைகள் கிழியும். கடல்காத்து ஈரத்துல இந்தச் சிதைவு சீக்கிரம் பரவும், அதனால அந்தச் சுருளைத் தனியா வைங்க. முதல்ல ஸ்கேன் பண்ணிட்டு, ஓய்வுபெற்ற சிஸ்டர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க. அவங்க பேசறதை அப்பவே, படத்தோட நேரக்குறியோட பதிவு பண்ணுங்க. ராத்திரி டியூட்டியைப் பத்தித் தனியா கேளுங்க.