பம்ப் மார்க்கருக்கு ஒரு கண்

நேயர்களே, வணக்கம். பெயிண்ட் அடைத்த உருண்டையால் ஒருவரையொருவர் சுட்டு ஆடுகிற பெயிண்ட்பால் என்றதும் பலருக்கு, விரல் பட்டாலே மழையாகப் பொழிகிற மின்னணு மார்க்கர், அதாவது மின்னணுத் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது பம்ப் மார்க்கர், ஒவ்வொரு உருண்டைக்கும் பம்ப்பைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, அப்புறம்தான் ட்ரிகர். 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007, மரத்துக்கும் மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் போட வந்த கருவி, அதையும் ஒவ்வொரு முறையும் கையால்தான் தயார் செய்ய வேண்டும். ஜெயித்தவர் ஒரு உருண்டைகூடச் சுடவில்லை!

என்னுடையது ஸ்னைப்பர் என்கிற பழைய பம்ப் மார்க்கர். சோலினாய்டு, அதாவது கரண்ட் கொடுத்தால் இழுக்கிற காந்தச் சுருள், வைத்து ட்ரிகரை லேசாக்கச் சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது கைதான், ட்ரிகர் லேசானால் ஓடும்போது தவறுதலாகச் சுடும் ஆபத்துதான் கூடும். எனக்கு வேண்டியது வேறு. உருண்டை முழுசாக உள்ளே இறங்கிவிட்டதா என்று தெரியவேண்டும். பாதி இறங்கியதை, பம்ப்போடு முன்னால் போகிற போல்ட் என்கிற தண்டு நறுக்கிவிட்டால் பேரல் என்கிற சுடுகுழாய் முழுக்கப் பெயிண்ட், அதற்கப்புறம் ஒன்றும் நேராகப் போகாது.

அதனால் மார்க்கரின் இரண்டு குழாய்களில், போல்ட் ஓடுகிற மேல்குழாயில், உருண்டை விழுகிற இடத்தில் எதிரெதிரே இரண்டு சின்னத் துளை போட்டேன். ஒன்றில் அகச்சிவப்பு எல்இடி, மற்றதில் அந்த ஒளியை உணர்கிற போட்டோ டிரான்சிஸ்டர், இதுதான் கண். உருண்டை விழுந்தால் ஒளி மறையும், அவ்வளவுதான். கீழ்க்குழாயில் மட்டும் துளை போட்டுவிடாதீர்கள், வால்வும் காஸ் அழுத்தமும் அங்கேதான்.

ஆனால் பம்ப்பை முன்னால் தள்ளினதும் போல்ட்டே ஒளியை மறைத்தது, கண் அதையும் உருண்டை என்றே எடுத்துக்கொண்டது. பம்ப் முழுக்கப் பின்னால் வந்தால் மட்டும் அழுந்துகிற மாதிரி ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்து, மொத்த சர்க்யூட்டுக்கும் அதன் வழியாகவே கரண்ட் கொடுத்தேன். பம்ப்பை அரைகுறையாக இழுத்தாலும் இப்போது தெரிந்துவிடுகிறது, பேட்டரியும் ரொம்ப நாள் வருகிறது.

விளக்கு வைக்கவில்லை, ஆட்டத்தின் நடுவில் குனிந்து யார் பார்ப்பது? பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரைக் கைப்பிடிக்குள் ஒட்டினேன். அதற்கு 3 வோல்ட் போதும், பேட்டரி 9 வோல்ட், நடுவில் வோல்ட்டைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர். உருண்டை உட்கார்ந்ததும் உள்ளங்கையில் சின்னதாக ஒரு துடிப்பு. கண்ணை எதிராளி மேலிருந்து எடுக்கவே வேண்டாம், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

செய்து பார்க்கிறவர்கள் முதலில் காஸையும், உருண்டை நிரப்புகிற ஹாப்பரையும் கழற்றிவிடுங்கள், சுட்டுச் சோதிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அப்புறம், ஹாப்பர் காலியாக இருக்கும்போதே துடித்தால் மார்க்கரின் கண்ணில் பெயிண்ட் படிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு ஆட இறங்குங்கள்.